பந்தலை மடக்காதவள்

சிவப்புக் குன்று முகாம்
யூமா அருகில், அரிசோனா
12 நவம்பர் 1996

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

இங்கே நானும் டெல்மரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மின்னசோட்டாவில் பனி விழத் தொடங்கியிருக்கும், கொல்லைப் படியில் உப்புத் தூவாமல் இறங்காதே. முகாம் வாசலில் ஒரே ஒரு போன்தான். நம் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் நம் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிடுகிறார்கள். உனக்கோ போனில் பாதி காது கேட்காது. அதனால் இந்தக் குளிர்காலமும் கடிதம்தான்.

வந்து சேர்ந்தோம். பாலைவனத்தில் இருநூறு வண்டி வீடுகள் தோளோடு தோள் நிற்கின்றன. அதில் ஒன்று எங்களுடையது. வண்டிக்குள் ஒருவர் திரும்பினால் மற்றவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். டெல்மர் கழிவுத் தொட்டிக் குழாயைக் கழற்றிய கையை டவுசரில் துடைத்துவிட்டு அப்படியே வேர்க்கடலைக் கிண்ணத்துக்குள் விடுகிறார். அந்தக் கிண்ணத்தை நான் இப்போது தொடுவதே இல்லை.

அவருக்கு இங்கே ராஜ மரியாதை. காரணம் பந்தல். வண்டியின் பக்கவாட்டில் உருளையில் சுற்றியிருக்குமே, அந்தத் துணிப்பந்தல்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, இந்த வரிசையிலேயே பெரியதாக வாங்கியிருக்கிறார். மாலை நான்கு மணிக்கு ஆளுக்கொரு நாற்காலியும் ஒரு பீரும் எடுத்துக்கொண்டு எல்லோரும் அதன் கீழ் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை விரிக்கவும் மடக்கவும் ஒரு கொக்கிக் கம்பி உண்டு. அதை நான் தொடக் கூடாது. தாழைத் தப்பாகத் தட்டிவிடுவேனாம். கம்பியை வண்டியின் அடிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறார். முப்பது வருடம் தானியக் கிடங்குச் சாவி தொங்கிய இடுப்பு அல்லவா, வெறுமையாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

சமையலறை ஜன்னலில் என் ஜெரேனியம் செடி எப்படி இருக்கிறது? வாரம் ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். மார்ச் மாதம் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பதை நினைத்துத்தான் இங்கே நாளை ஓட்டுகிறேன்.

உன் தங்கை
ஆர்டிஸ்


நார்டால், மின்னசோட்டா
28 நவம்பர் 1996

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் நடக்கின்றன. பனி முழங்கால் உயரம். சர்ச் அடித்தள விருந்துக்கு நான் செய்த உருளைக்கிழங்கு ரொட்டி முதல் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது. இங்க்ரிட் செய்தது அப்படியே இருந்தது, பாவம்.

டுவேனின் மனைவி கோனிக்கு இது ஐந்தாவது மாதம். முகத்தில் நல்ல களை வந்திருக்கிறது. என் மகன் ஒரு நாளும் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்காக உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்த முடிவைப் பேசிப் பேசிக் கிளறக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

வெயிலை நன்றாக அனுபவி. டெல்மரிடம் கேட்டதாகச் சொல்.

பாசத்துடன்
மார்லிஸ்


சிவப்புக் குன்று முகாம்
9 டிசம்பர் 1996

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுதான் குமட்டிக்கொண்டு இருக்கிறது. எனக்கு எதற்கு நன்றி சொன்னாய் என்று புரியவில்லை. கோனிக்குப் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டைக்காக என்றால் அது வெறும் மிச்ச நூல்.

விஷயத்துக்கு வருகிறேன். பந்தல் கிழிந்துவிட்டது.

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் யூமாவுக்குச் சாமான் வாங்கப் போனோம். புறப்படும்போதே, "பந்தல மடக்கிட்டுப் போலாமே, மேற்கால புழுதி எழும்புது" என்றேன். "எனக்கு நீ காத்தப் பத்திப் பாடம் எடுக்காத" என்றார். திரும்பி வரும்போது முகாம் முழுவதும் மணல் வாரியடித்திருந்தது. இங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காற்று எழுந்தால், முகாமில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வெளியே போனவர்களின் பந்தலையும் மடக்கிவிட வேண்டும். அப்படி எல்லோருடையதும் மடங்கியிருந்தது. எங்களுடையது மட்டும், துணியைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று வளைந்து, கூரைமேல் ஏறிக் கிடந்தது. துணி நடுவில் முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது.

எல்லோரும் கூடி நின்றார்கள். பக்கத்து வண்டி ஹார்லன், அவர் மனைவி பெவர்லி, இன்னும் பத்துப் பேர். நான் வாயைத் திறக்கும் முன் டெல்மர் என் தோளில் கையைப் போட்டார்.

"என்ன செய்றது, மடக்கிட்டு வாடின்னு இவகிட்டதான் சொன்னேன். சரி சரின்னு தலைய ஆட்டிட்டு வந்து வண்டியில உக்காந்துட்டா. தலைய ஆட்டுனதெல்லாம் அப்போ சும்மா காத்துக்குத்தான் போல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா, பூட்டின பெட்டி, சாவி அவர் இடுப்பில். என் தோள்மேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்தக் கையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேனே என்று இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாமான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பத்துப் பேர் நடுவில் புருஷனைப் பொய்யன் என்று சொல்ல நம் அம்மா நம்மை வளர்க்கவில்லை. அதற்காக இப்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

என் ஜெரேனியம் பற்றி ஒரு வரி எழுது.

ஆர்டிஸ்


நார்டால்
20 டிசம்பர் 1996

அன்பு ஆர்டிஸ்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் உங்கள் இருவருக்கும். உருளைக்கிழங்கு ரொட்டி ஒரு கட்டு தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்தால் கடவுள் செயல். எனக்கு இருமல் வந்து போனது, இப்போது தேவலை.

பந்தல் கதையைப் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல். என் எட்வினும் அப்படித்தான் இருந்தார். காரை மரத்தில் மோதிவிட்டு, நான் பேச்சுக்கொடுத்ததால்தான் மோதியது என்றார். அப்போது நான் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு துணி கிழிந்ததற்கு ஒரு வாழ்க்கையைக் கிழித்துக்கொள்ளாதே. விட்டுவிடு.

கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த அலமாரியில் இருக்கும் நீலக் கோப்பைகள் உனக்கு வேண்டுமா? வேண்டுமென்றால் பெட்டியில் கட்டி என்னிடம் வைத்துக்கொள்கிறேன். அவசரம் இல்லை. நீ எப்போது சொல்ல முடிகிறதோ அப்போது சொல்.

மார்லிஸ்


சிவப்புக் குன்று முகாம்
4 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கட்டும். இருமலுக்குத் தேனும் வெந்நீரும் குடி. ரொட்டி வந்தது, பாதி தூளாக. தூளை நான் ஸ்பூனால் அள்ளித் தின்றேன்.

கிழிசலுக்கு டெல்மர் வைத்தியம் பார்த்திருக்கிறார். வெள்ளி நிற டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன்மேல் கூரை ஒழுகலுக்குப் பூசும் கறுப்புப் பசையைப் பூசினார். வெயிலில் அது உருகி ஒரு நாற்றம் நாறுகிறது, பக்கத்து வண்டி நாய்கூட அதைவிட்டு விலகித்தான் போகிறது. வளைந்த கையைச் சுத்தியால் அடித்து நிமிர்த்தினார். நிமிரவில்லை. முந்தாநாள் மழை பெய்தது. மழையில் ஒரு மூலையைத் தாழ்த்திவிட்டால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், இது இங்கே குழந்தைக்கும் தெரியும். அவர் தாழ்த்தவில்லை. பந்தல் நடுவில் தொப்பை மாதிரி தண்ணீர் கட்டி, மாலை நான்கு மணிக் கூட்டம் நடக்கும்போது பொத்துக்கொண்டது. கறுப்புத் தண்ணீர் மொத்தமும் பெவர்லி கொண்டுவந்த இறைச்சிப் பணியாரத் தட்டில்.

உடனே அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆர்டிஸோட ஓட்டை பெவர்லி தட்டையே சாப்பிட்டுருச்சு." இப்போது முகாமில் அதற்குப் பெயரே அதுதான். ஆர்டிஸ் ஓட்டை. நேற்றுக் குளியலறையில் முன்பின் தெரியாத ஒருத்தி, "ஓ, அந்த ஆர்டிஸ் நீங்கதானா" என்று கேட்டாள்.

புதிதாக ஒன்று வாங்கித் தொலையுங்கள் என்றேன். "வசந்தம் வரட்டும், அப்புறம் பாரு, இதவிடப் பெரிசா வண்டியே மாத்திடலாம்" என்கிறார். எதை வைத்து என்று கேட்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நீலக் கோப்பைகளைப் பற்றி ஏன் கேட்டாய்? அவை என் அலமாரியில்தானே இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். நீ ஏன் அவற்றைப் பெட்டியில் கட்ட வேண்டும்? செடி செத்துவிட்டது என்றாலும் பரவாயில்லை, எழுது.

ஆர்டிஸ்


சிவப்புக் குன்று முகாம்
27 ஜனவரி 1997

அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலில் போய் நிற்கிறேன். டெல்மரிடம் கேட்டால், "பனியில தபால் வண்டி மாட்டியிருக்கும்" என்று தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார்.

இன்று காலை துணி காயப்போடும்போது ஹார்லன் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"ஆர்டிஸ், ரொம்ப நாளா சொல்லணும்னு. அன்னிக்குக் காத்தடிச்சப்போ உங்க பந்தல மடக்க நான்தான் ஓடி வந்தேன். கம்பியத் தேடுனேன், பெட்டி பூட்டியிருந்திச்சு. என் கம்பி உங்க உயரத்துக்கு எட்டல. கண்ணு முன்னாடி கிழிஞ்சுது."

"அப்போ நான் மடக்கியிருக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"எல்லாருக்குமே தெரியுமே. அந்தக் கம்பிய நீங்க தொட்டு யாரு பாத்திருக்கா?"

"பின்ன ஏன் சிரிச்சீங்க?"

"டெல்மர் சொன்ன விதம் தமாஷா இருந்திச்சு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

இத்தனை நாள் அவர்கள் நம்பிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் புழுங்கினேன். நம்பவே இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று தெரிந்தே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கவளம் தின்றிருக்கிறார்கள். காயப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த ஆட்கள் நடுவில் என் துணிகூடத் தொங்கக் கூடாது என்று தோன்றியது, பிறகு போய் எடுத்தேன்.

மூன்று முறை கேட்டுவிட்டேன், ஒரு செடியைப் பற்றி. என்ன நடக்கிறது அங்கே?

ஆர்டிஸ்


நார்டால்
6 பிப்ரவரி 1997

என் ஆர்டிஸ்,

நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. உன் கடைசி இரண்டு கடிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. உடனே எழுதத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் புறப்படுவதற்கு முந்தின வாரம் டெல்மர் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே நிரந்தரமாக இருந்துவிடலாம் என்று நீ சொல்வதாகச் சொன்னார். நீயே டுவேனுக்குக் கொடுக்க ஆசைப்படுவதாகச் சொன்னார். "ஆனா அவகிட்ட இதப் பத்திப் பேசாதீங்க. பேசுனா அழுதுருவா. கடுதாசியில ஒரு வார்த்தை கூட வேணாம்" என்றார். நான் நம்பினேன், ஆர்டிஸ். உன் மேல் உள்ள பிரியத்தினால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

டுவேனும் கோனியும் நவம்பர் முதலே அங்கே இருக்கிறார்கள். உன் நீல அறைக்கு மஞ்சள் பூசி, தொட்டில் போட்டுவிட்டார்கள். கோனிக்கு அந்தச் செடியின் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை என் ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். நன்றாக இருக்கிறது, மூன்று மொட்டு. நீ ஒவ்வொரு கடிதத்திலும் செடியைக் கேட்டபோது, வீட்டைக் கேட்க முடியாமல் செடியைக் கேட்கிறாய் என்று நினைத்து அழுதேன்.

கையெழுத்துக்கான காகிதங்கள் இந்த வாரம் உங்களுக்கு வரும். உன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. அந்த ஒன்று மட்டும் உன் கையில் இருக்கிறது.

என்னைத் திட்டு. ஆனால் எழுது.

மார்லிஸ்


சிவப்புக் குன்று முகாம்
14 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

உன்னைத் திட்டமாட்டேன். உன் முழங்காலைப் பார்த்துக்கொள், எனக்கு அது வேண்டியிருக்கும். நாம் இருவரும் ஒரே வாயினால் ஏமாந்திருக்கிறோம். உன் சமையலறையில் பேசியதும் பந்தலடியில் பேசியதும் அதே வாய்தான். முடிவு அவனுடையது, சொன்னது மட்டும் நானாம்.

காகிதம் நேற்று வந்தது. அவன் அதை ஒரு பேனாவோடு என் தட்டின் பக்கத்தில் வைத்தான். "நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும், அதான் எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டேன். இப்போ கையெழுத்து மட்டும்தான்" என்றான், ஏதோ எனக்கு வேலையை மிச்சப்படுத்தியவன் போல. நான் பேனாவைத் தொடவில்லை. நான்கு மணிவரை காத்திருந்தேன்.

எல்லோரும் நாற்காலியோடு வந்து, அந்த நாறும் பந்தலின் கீழ் உட்கார்ந்தார்கள். நான் காகிதங்களோடு வெளியே வந்தேன்.

"டெல்மர், எங்க வீட்ட விக்கணும்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

அவன் கண் இமைக்கவில்லை. "நீதானே சொன்ன? அதையும் மறந்துட்டியா, பந்தல மறந்த மாதிரி?" என்றான்.

அவர்கள் மறுபடி சிரித்தார்கள், அக்கா. ஹார்லன் மட்டும் சிரிக்கவில்லை.  நான் அவர்கள் பக்கம் திரும்பினேன்.

"பூட்டுன பெட்டி. சாவி இவன் இடுப்புல. நான் எதை வச்சு மடக்கியிருப்பேன்னு உங்கள்ல ஒருத்தராவது ஒரு நாளாவது கேட்டீங்களா? எல்லாருக்கும் தெரியுமாமே. பெவர்லி, உனக்குந்தானே தெரியும்?"

பெவர்லி தன் கோப்பைக்குள் பார்த்தாள். டேப் ஒன்று பிய்ந்து டப்டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக நாற்காலியை மடக்கினார்கள். டெல்மர், "வெயில்ல இவளுக்கு மண்டை காஞ்சிருச்சு" என்று அவர்கள் முதுகைப் பார்த்துச் சொன்னான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

காகிதங்களை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை.

வருகிற வாரம் பஸ்ஸில் புறப்படுகிறேன். ஹார்லன் பஸ் நிலையத்தில் விடுகிறேன் என்றார், அவர் சிரித்ததற்கு அது அபராதமாக இருக்கட்டும். டுவேனிடம் சொல், நான் யாரையும் துரத்தவில்லை. அவனும் ஏமாந்தவன்தான். அவர்கள் மாடியில் இருக்கட்டும், தொட்டிலும் மஞ்சள் சுவரும் அப்படியே இருக்கட்டும். கீழ்த்தளமும் சமையலறை ஜன்னலும் எனக்கு. என்னை அழைக்க வரும்போது அவனைப் பெரிய வண்டி எடுத்துவரச் சொல். கையில் ஒரு பெட்டியும் நீளமாக ஒரு பொட்டலமும் இருக்கும்.

உன்
ஆர்டிஸ்


சிவப்புக் குன்று முகாம்
3 மார்ச் 1997

ஆர்டிஸுக்கு டெல்மர் எழுதுவது,

நான் நலம். கழுத்தில் வெயில் பட்டுக் கொப்புளித்திருக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் கோபம் குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டாய். பரவாயில்லை, நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நீ ஊருக்குப் போயிருக்கிறாய் என இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது எழுதிக் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

பந்தலுக்குப் புதுத் துணி போட்டுவிட்டேன், நீலக் கோடு. வளைந்த கையையும் மாற்றியாகிவிட்டது. ஆனால் விரிக்க முடியவில்லை. அடிப்பெட்டியைத் திறந்தால் கொக்கிக் கம்பியைக் காணோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. யூமா கடையில் இந்த உயரத்துக்குக் கம்பி இல்லை, வரவழைக்க நாளாகுமாம். ஹார்லனிடம் கேட்டால், "என்னோடது உனக்கு எட்டாது, அதோட நான் இப்போ அதப் பூட்டி வச்சிருக்கேன்" என்கிறான். இப்போது நான்கு மணிக்கு எல்லோரும் அவன் பந்தலுக்குத்தான் போகிறார்கள். அங்கே எனக்கு நாற்காலி போட இடம் இல்லையாம்.

கம்பி எங்கே என்று உனக்குத் தெரியுமா? உடனே பதில் போடு.

டெல்மர்


நார்டால், மின்னசோட்டா
12 மார்ச் 1997

டெல்மர்,

நான் சுகம். மார்லிஸும் சுகம். அவளுக்கு உடம்பு சரியில்லை என்பது இங்கே யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. கழுத்துக் கொப்புளத்துக்குக் கற்றாழைச் சாறு தடவு. கோனிக்குப் பிரசவம் அடுத்த மாதம். ஜெரேனியம் பழைய ஜன்னலில் இருக்கிறது, கதவைச் சாத்தினால் மாடிக்கு வாசனை போவதில்லை. காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து என் நீலக் கோப்பையில் காபி குடிக்கிறேன். வீடு விற்பனைக்கு இல்லை.

கம்பி என்னிடம் இருக்கிறது. குளிக்கப் போகும்போது சாவியைக் கழற்றி வைக்கிற பழக்கம் உனக்கு என்றைக்கும் உண்டு. பஸ் டிரைவர் இது என்னம்மா என்று கேட்டார், என் வேலைச் சாமான் என்றேன். கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிகளைத் தட்டிவிட இதைப் போல வசதி வேறு இல்லை. முதல் முறையாகக் கையில் எடுத்தேன், ஒன்றையும் தப்பாகத் தட்டவில்லை.

அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதாதே. பந்தலை மடக்க வேண்டியவள் நான்தான் என்று நீதான் இருநூறு வண்டிக்கும் சொன்னாய். மடக்கிவிட்டேன்.

ஆர்டிஸ்